மத்தி மீன் கூடையும் பத்தாயிரம் ஆட்சேபங்களும்

1319ஆம் ஆண்டு கோடையில் நேப்பிள்ஸ் நகரில் ஒரு விசாரணை நடந்தது. 45 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தாமஸ் அக்குவினாஸ் என்ற தொமினிக்கன் துறவிக்கு, பெரிய இறையியல் அறிஞருக்கு, புனிதர் பட்டம் கொடுக்கலாமா, கூடாதா என்பதுதான் விஷயம். சாட்சிகளைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக விசாரித்தார்கள். அவர்கள் சொன்னது எழுத்தில் பதிவானது, இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அதில் ஃபொஸ்ஸனோவா மடத்துத் துறவி ஒருவர் சொன்ன சம்பவம் இது. தாமஸ் கடைசிக் காலத்தில் மயென்ஸா என்ற ஊரில் உறவினர் கோட்டையில் நோயாகக் கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை. என்னதான் சாப்பிடத் தோன்றுகிறது என்று உடனிருந்தவர்கள் கேட்டபோது, பாரிஸ் பக்கம் சாப்பிட்ட ஹெர்ரிங் மீன் கிடைத்தால் சாப்பிடுவேன் என்றார். வடகடல் மீனுக்கு இத்தாலியில் எங்கே போவது? அந்த நேரம் பார்த்து, கடற்கரை ஊரான தெர்ரசினாவிலிருந்து ஒரு மீன்காரர் மத்தி மீன் கூடைகளோடு வந்தார். திறந்து பார்த்தால் ஒரு கூடை நிறைய ஹெர்ரிங்! மீன்காரரே திகைத்துப்போய், நான் மத்திதான் கொண்டுவந்தேன் என்று சாதித்தாராம்.

விசாரித்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. அது ஹெர்ரிங்தான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று குறுக்குக் கேள்வி போட்டார்கள். வித்தெர்போவில் போப்பின் அரண்மனையில் உப்புப் போட்ட ஹெர்ரிங்கைப் பார்த்திருக்கிறேன், அதனால் அடையாளம் தெரியும் என்றார் துறவி. எனக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். அற்புதத்துக்கே ஆதாரம் கேட்கிற விசாரணை, அதற்கு நேர்மையாகத் தன் மீன் அனுபவத்தைச் சொல்கிற சாட்சி.

சரி, இவ்வளவு பெரிய மனிதருக்கு ஏன் மீன் கூடையில் போய் அற்புதம் தேட வேண்டியிருந்தது? இறந்த பிறகு கல்லறையில் நோய் குணமான கதைகள் நிறைய வந்தன. உயிரோடு இருந்த காலத்தில் அவர் செய்ததாகக் காட்ட அதிகமில்லை. அவர் வாழ்க்கை முழுக்க உட்கார்ந்து எழுதினார். காலையில் திருப்பலி, பிறகு வகுப்பு, பிறகு எழுத்து. மேசையை விட்டு அதிகம் நகராத ஒருவரைப் புனிதர் என்று நிரூபிப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த மேசையில் நடந்ததில்தான் அவருடைய புண்ணியம் முழுக்க இருக்கிறது என்பது என் எண்ணம்.

வாழ்க்கைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில் ரொக்காசெக்கா என்ற கோட்டையில், 1225 வாக்கில், சிறுபிரபு குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஐந்து வயது வாக்கில் பக்கத்திலிருந்த மொந்தே கசினோ மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பையன் ஒருநாள் அந்த மடத்துக்கே தலைவராக வருவான் என்பது குடும்பத்தின் கணக்கு. நிலபுலன், அதிகாரம், செல்வாக்கு எல்லாம் உள்ள பதவி அது. 1239இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெட்ரிக்குக்கும் போப்புக்கும் சண்டை முற்றி, மடத்துக்குள் படை வந்துவிட்டதால், பையன் படிப்பைத் தொடர நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனான். அங்கேதான் இரண்டு விஷயங்கள் அவனைப் பிடித்துக்கொண்டன. ஒன்று அரிஸ்டாட்டில். இன்னொன்று தொமினிக்கன் சபை.

இந்தச் சபை தொடங்கி அப்போது முப்பது வருஷம்கூட ஆகவில்லை. சொத்து கிடையாது, பிச்சை எடுத்துச் சாப்பிட வேண்டும், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்ய வேண்டும். பிள்ளை சாமியாராகப் போவதில் வீட்டாருக்கு ஆட்சேபம் இல்லை. பிச்சைக்காரச் சாமியாராகப் போவதுதான் பிரச்சினை. 1244இல் அவர் வடக்கே போய்க்கொண்டிருந்தபோது, அக்குவாபெந்தென்தே அருகே அண்ணன் ரினால்டோ படைவீரர்களோடு வந்து மறித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் வீட்டுக்காவல். அவர் மனதை மாற்ற ஒரு பெண்ணை அறைக்குள் அனுப்பியதாகவும், அவர் அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை எடுத்து விரட்டியதாகவும் பிற்காலச் சரிதங்கள் சொல்லும். கோயில் ஓவியங்களில் இந்தக் காட்சிதான் அதிகம். எனக்கு இதைவிட, அம்மா தெயோதோரா கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டார் என்பதுதான் நம்பும்படியாக இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தோடு யாரும் மல்லுக்கட்ட முடியாது.

பிறகு பாரிஸ், அப்புறம் கொலோன். அங்கே ஆசிரியர் பெரிய ஆல்பர்ட். ஆள் உயரம், பருமன், வாயைத் திறப்பதில்லை. சக மாணவர்கள் 'சிசிலியின் ஊமைக்காளை' என்று பெயர் வைத்தார்கள். இந்தக் காளை கத்துகிற கத்து ஒருநாள் உலகம் முழுக்கக் கேட்கும் என்று ஆல்பர்ட் சொன்னதாகக் கதை. 1256இல் பாரிஸில் இறையியல் பேராசிரியர். அதற்கான வயது 35, அவருக்கு முப்பத்தொன்றோ என்னவோ.

பேராசிரியர் ஆனாரே தவிர, பாரிஸில் அவருக்கு நிம்மதி இல்லை. பிச்சைத் துறவிகள் பல்கலைக்கழகப் பதவிகளைப் பிடிப்பதை மற்ற பேராசிரியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் துறவிகள் வகுப்பு நடத்தினார்கள் என்ற கோபம் வேறு. தொமினிக்கன் இல்லத்தின்மேல் கல்லெறியும் அளவுக்குப் போய், அரசரின் வில்வீரர்கள் காவல் நிற்க வேண்டியிருந்தது. 1259 குருத்து ஞாயிறு அன்று தாமஸ் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே கியோ என்ற பல்கலைக்கழகச் சேவகன் எழுந்து நின்று, துறவிகளைத் திட்டி எழுதிய தாளைச் சபை நடுவே வாசித்தான். அந்த விவகாரம் போப் வரைக்கும் போனது. இந்தச் சூழலில் வளர்ந்த ஒருவர் எதிரியைக் கண்டபடி ஏசி எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எழுதிய விதமே வேறு.

அவருடைய பெரிய நூலான 'சும்மா தெயோலோஜியே' (லத்தீனில் 'இறையியல் தொகுப்பு' என்று பொருள்) 1265 அளவில் ரோமில் தொடங்கியது. மூன்று பாகங்கள், 512 கேள்விகள், 2,669 உட்கேள்விகள். ஒவ்வொரு உட்கேள்வியும் ஒரே அச்சில் வார்த்தது. முதலில் கேள்வி. உடனே, அவர் சொல்லப்போகும் பதிலுக்கு நேரெதிரான வாதங்கள், பெரும்பாலும் மூன்று நான்கு. பிறகு மறுபக்கத்துக்கு ஒரு மேற்கோள். அதன் பிறகுதான் 'நான் சொல்லும் பதில்' என்று தொடங்குவார். கடைசியில் முதலில் வைத்த எதிர்வாதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில். நம் ஊர்த் தர்க்க மரபில் பூர்வபட்சம் என்பார்களே, அந்த வேலைதான். நூல் முழுக்க இப்படி ஏறத்தாழ 10,000 ஆட்சேபங்கள். பத்தாயிரம் முறை தனக்கு எதிராகத் தானே வாதாடியிருக்கிறார்.

முதல் பாகத்தில் இரண்டாம் கேள்வி, மூன்றாம் உட்கேள்வி: கடவுள் இருக்கிறாரா? 'கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது' என்று முதல் வரி. பிறகு இரண்டே ஆட்சேபங்கள். ஒன்று: எதிரெதிரான இரண்டில் ஒன்று முடிவில்லாததாக இருந்தால் மற்றது இருக்கவே இடமிருக்காது. கடவுள் என்றால் முடிவில்லாத நன்மை. அவர் இருந்தால் தீமை என்பதே இருக்கக் கூடாது. உலகில் தீமை இருக்கிறது. ஆகவே கடவுள் இல்லை. இரண்டு: குறைவான காரணங்களால் விளக்க முடிந்ததற்கு அதிகக் காரணங்கள் தேவையில்லை. இயற்கையில் நடப்பதை இயற்கையைக் கொண்டும், மனிதர் செய்வதை மனித அறிவையும் விருப்பத்தையும் கொண்டும் விளக்கிவிடலாம். நடுவில் கடவுள் எதற்கு?

முதல் தடவை படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்றைக்கு ஒரு நாத்திகர் மேடையில் அரைமணி நேரம் பேசுவதன் சாரம் இந்த இரண்டு பத்தியில் இருக்கிறது. எழுதியவர் மடத்தில் இருந்த துறவி. எழுதியது இறையியல் படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்காக. வலுவில்லாத எதிரியைத் தேடிப் பிடித்து அடித்து ஜெயிப்பதில் அவருக்கு ஆர்வமே இல்லை. கடவுள் இருக்கிறார் என்று காட்டத் தொடர்ந்து அவர் தரும் ஐந்து வழிகள் பிரசித்தமானவை. ஆனால் தீமையைப் பற்றிய முதல் ஆட்சேபத்துக்கு அந்த இடத்தில் அவர் தரும் பதில் நாலே வரி: தீமையிலிருந்தும் நன்மையை வரவழைக்கும் வல்லமை இருப்பதால்தான் கடவுள் அதை அனுமதிக்கிறார் என்று பழைய திருச்சபை அறிஞர் அகுஸ்தினாரைத் துணைக்கு அழைத்து முடித்துவிடுகிறார். எனக்கு அது போதவில்லை. ஆட்சேபம் பதிலைவிடக் கனமாக நிற்கிறது. அப்படி நிற்க விட்டாரே, அதுதான் விஷயம்.

இந்த நேர்மை அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு இன்னொரு உதாரணம். உலகத்துக்குத் தொடக்கம் உண்டா? அரிஸ்டாட்டில் இல்லை என்றார், உலகம் என்றென்றும் இருந்து வருகிறது என்றார். பைபிள் தொடக்கம் உண்டு என்கிறது. அந்தக் காலத்து இறையியலாளர்கள் பலர், உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவாலேயே நிரூபித்துவிடலாம் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்கள். தாமஸும் தொடக்கம் உண்டு என்று நம்பியவர்தான். ஆனால் அதை நிரூபிக்க முடியாது, விசுவாசத்தால் மட்டுமே ஏற்க முடியும் என்றார். ஓட்டை வாதங்களை வைத்து நிரூபிக்கப் புறப்பட்டால், இந்த மாதிரி காரணங்களுக்காகத்தான் நாம் நம்புகிறோம் போலிருக்கிறது என்று நம்பாதவர்கள் சிரிப்பார்கள் என்று எழுதினார். தன் கட்சிக்காரர்களின் மோசமான வாதத்தைத் தானே உடைப்பது எந்தக் காலத்திலும் நண்பர்களைச் சேர்க்காது.

மறுபக்கத்தில், அரிஸ்டாட்டிலுக்கு அரபு மொழியில் உரை எழுதிய இப்னு ருஷ்து வழியைப் பின்பற்றி, எல்லா மனிதருக்கும் சேர்த்து அறிவு ஒன்றுதான் என்று பாரிஸில் சிலர் சொன்னார்கள். 1270இல் அவர்களுக்கு மறுப்பாக ஒரு சிறுநூல் எழுதினார். பைபிள் வசனங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தத்துவ ஞானிகளின் சொற்களையும் காரணங்களையும் கொண்டே மறுக்கிறார். கடைசிப் பத்தியில்தான் மனிதருக்குக் கொஞ்சம் சூடேறுகிறது: மறுத்துப் பேச விரும்புகிறவர் மூலைமுடுக்கில் நின்றோ, ஒன்றும் தெரியாத பையன்கள் முன்னாலோ பேச வேண்டாம், துணிவிருந்தால் இதற்குப் பதில் எழுதட்டும் என்கிறார். ஊமைக்காளை கத்திய இடம் என்று இதைத்தான் சொல்வேன்.

எல்லாவற்றையும் கொண்டாட முடியாது. பதிதர்களை, அதாவது திருச்சபையின் போதனையை மறுப்பவர்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். கள்ள நாணயம் அடிப்பவனுக்கே மரண தண்டனை என்றால், ஆன்மாவைக் கெடுக்கும் பதிதனுக்கு அது இன்னும் நியாயம்தானே என்று நிதானமாக எழுதியிருக்கிறார். இரண்டு முறை எச்சரித்துப் பார்த்த பிறகுதான் என்று ஒரு தயவு. ஆட்சேபங்களுக்கு அவ்வளவு இடம் கொடுத்த மனிதர், ஆட்சேபிக்கிறவனுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் மற்ற பல இடங்களில் அவர் காலத்தைத் தாண்டி யோசித்திருக்கிறார்.

எழுதும் வேலை எப்படி நடந்தது என்பதற்கும் சாட்சிகள் உண்டு. அவர் கையெழுத்துப் பிரதிகள் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. வத்திக்கான் நூலகத்தில் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கையெழுத்து அவ்வளவு மோசம். படிக்க முடியாத எழுத்து என்று அந்தக் காலத்திலேயே பெயர் வாங்கியது. சுருக்கெழுத்துப் போல ஓடும், எழுத்துகள் பாதியில் நின்றுவிடும், அடித்துத் திருத்தியதன்மேல் மறுபடி அடித்திருக்கும். அதனால் உதவியாளர்களுக்குச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு, சில சமயம் நான்கு பேருக்கு, வெவ்வேறு விஷயங்களைச் சொல்வாராம். அவர்களில் பிரெத்தோன் நாட்டு உதவியாளர் ஒருவர், தாமஸ் களைத்துப்போய் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டு, தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம் என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பகுதி அப்படித் தூக்கத்தில் வந்தது என்று யாராவது கண்டுபிடித்தால் நன்றாக இருக்கும்.

ஒருமுறை மாணவர்களோடு பாரிஸுக்குத் திரும்பி வரும்போது, தூரத்தில் நகரம் தெரிந்தது. இந்த நகரமே உங்களுடையதாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். மத்தேயு நற்செய்திக்குப் பழைய திருச்சபை அறிஞர் கிறிசோஸ்தோம் எழுதிய மறையுரைகள் கிடைத்தால் போதும் என்றாராம். புத்தகம் தேடி அலைந்தவர்களுக்கு இந்தப் பதில் புரியும்.

உரைநடையில் இவ்வளவு வறட்சியான ஆள் பாட்டும் எழுதினார் என்பது ஆச்சரியம். 1264இல் போப் நான்காம் உர்பான் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை உலகத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தியபோது, அதற்கான வழிபாட்டுப் பாடல்களை எழுதும் வேலை தாமஸுக்கு வந்தது. நம் கத்தோலிக்கக் கோயில்களில் நற்கருணை ஆசீரின்போது எல்லாரும் முழந்தாளிட்டுப் பாடும் 'மாண்புயர் இவ்வருட்சாதனம்' அவர் லத்தீனில் எழுதியதன் தமிழ் வடிவம்தான். சாம்பிராணிப் புகைக்கு நடுவில் அதைப் பாடி வளர்ந்த எத்தனையோ பேருக்கு அதை எழுதியவர் யார் என்று தெரியாது. அவருக்கு அது சங்கடமாக இருந்திருக்காது.

1273 டிசம்பர் 6, நேப்பிள்ஸ். புனித நிக்கோலாஸ் திருநாள். காலைத் திருப்பலிக்குப் பிறகு தாமஸ் எழுதவில்லை, யாரையும் எழுதச் சொல்லவுமில்லை. 'சும்மா'வின் மூன்றாம் பாகம் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதைப் பற்றிய பகுதியில் நின்றுபோனது. பல வருஷம் கூட இருந்த உதவியாளர் ரெஜினால்டு கெஞ்சிக் கேட்டபோது, என்னால் முடியாது, நான் எழுதியதெல்லாம் எனக்கு வைக்கோலாகத் தெரிகிறது என்றார். என்ன நடந்தது? தரிசனம் என்கிறார்கள் பக்தர்கள். மூளையில் ரத்தக்கசிவு என்கிறார்கள் சில ஆராய்ச்சியாளர்கள். தூங்கும்போதும் வேலை செய்த ஒருவர் 48 வயதில் ஒருநாள் நின்றுபோனார் என்பதில் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

அடுத்த ஆண்டு பிரான்ஸில் லியோன் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம். வரச்சொல்லி போப் அழைத்திருந்தார். போகும் வழியில் சாய்ந்து கிடந்த மரத்தில் தலை இடித்துக்கொண்டார். பிறகுதான் மயென்ஸா கோட்டை. அங்கிருந்து ஃபொஸ்ஸனோவா மடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1274 மார்ச் 7ஆம் தேதி அங்கேயே இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது அசிங்கம். தொமினிக்கன் சபையார் உடலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து மடத்தார் அதை இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். தலையைத் தனியாக எடுத்தார்கள். ஒரு கை அவர் சகோதரிக்குப் போனது. 1369இல்தான் எலும்புகள் துலூஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஃபொஸ்ஸனோவாவுக்கு அருகிலுள்ள ப்ரிவெர்னோவிலும் துலூஸிலும் இன்று ஆளுக்கொரு மண்டையோடு இருக்கிறது, இரண்டு ஊரும் தங்களுடையதுதான் அசல் என்கின்றன.

உடல் இப்படி என்றால், பெயர் இன்னும் மோசம். அவர் இறந்து சரியாக மூன்றாம் ஆண்டு, 1277 மார்ச் 7ஆம் தேதி, பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்ப்பியே 219 கருத்துகளைக் கண்டித்துத் தடை போட்டார். அவற்றில் சில தாமஸும் சொன்னவை. பதினொரு நாளில் ஆக்ஸ்ஃபோர்டிலும் தடை வந்தது. அதைப் போட்ட கேன்டர்பரி பேராயர் கில்வார்ட்பி, தாமஸின் சபையைச் சேர்ந்தவரே. 1323இல் போப் இருபத்திரண்டாம் யோவான் தாமஸுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அவர் எழுதிய உட்கேள்வி ஒவ்வொன்றும் ஓர் அற்புதம்தான் என்று அந்தப் போப் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சொன்னாரோ இல்லையோ, மீன் கூடையைவிட அது நல்ல வாதம். இரண்டு வருஷம் கழித்து பாரிஸ் ஆயர் பழைய தடையை, தாமஸைத் தொடும் அளவுக்கு, ரத்து செய்தார். புனிதர் எழுதியதைத் தடை செய்து வைத்திருப்பது நன்றாகவா இருக்கும்?

1567இல் திருச்சபையின் தலைசிறந்த போதகர்களுக்குத் தரும் மறைவல்லுநர் பட்டம். 1879இல் போப் பதின்மூன்றாம் லியோ, குருமடங்களில் தாமஸைத்தான் படிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அங்கேதான் அவருக்குப் பெரிய அநியாயம் நடந்தது என்பேன். பாடப்புத்தகம் போட்டவர்கள் பலர் முடிவுகளை எடுத்துக்கொண்டு, ஆட்சேபங்களைச் சுருக்கியும் வெட்டியும் விட்டார்கள். கேள்விகளால் கட்டிய வீட்டிலிருந்து பதில்களை மட்டும் உருவி அடுக்கினால் எப்படி நிற்கும்? தாமஸ் என்றாலே இறுகிப்போன ஆள் என்று ஒரு தலைமுறை நினைத்ததற்கு அவர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

'சும்மா' முழுவதும் லத்தீனிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், நாலாம் நாள் விட்டுவிடுவீர்கள். இரண்டாம் பாகத்தின் முதல் பகுதியில் 38ஆம் கேள்வியை எடுங்கள். துக்கத்துக்கு மருந்து என்ன என்பதுதான் கேள்வி. இன்பம், அழுகை, நண்பர்களின் அனுதாபம், உண்மையைத் தியானிப்பது என்று வரிசையாகப் போய், ஐந்தாவதாகத் தூக்கமும் குளியலும் என்கிறார். துக்கம் ஆன்மாவில் இருப்பது, உடம்பைக் கழுவினால் அது எப்படிப் போகும் என்ற ஆட்சேபமும் வழக்கம்போல உண்டு. ஆதாரமாக அகுஸ்தினார் தன் தாய் மோனிக்கா இறந்தபோது எழுதியதை மேற்கோள் காட்டுகிறார்: குளித்தால் மனக்கவலை போகும் என்று கேள்விப்பட்டேன் என்று அகுஸ்தினார் சொல்கிறாராம், தூங்கி எழுந்ததும் துக்கம் தணிந்திருந்தது என்றும் சொல்கிறாராம். சொல்கிறார், உண்மைதான். ஆனால் அகுஸ்தினாரின் மூலத்தைப் போய்ப் பார்த்தால், இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில், குளித்துப் பார்த்தேன், குளிப்பதற்கு முன் எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருந்தேன் என்று இருக்கிறது. பத்தாயிரம் ஆட்சேபங்களை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தவர், இதை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டார்.